கண்ணாடி போட்ட பொத்தான்

ஒரு பொத்தானை அழுத்துவதற்கென்றே சம்பளத்துக்கு வைக்கப்பட்ட மனிதர், அந்தப் பொத்தானை ஏறக்குறைய ஆறு மாதம் தொடக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார் என்றால் நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்து மேலே படிக்கட்டும்.

தொலைக்காட்சி நிலையத்தில் அவரைப் பேனல்காரர் என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஜனங்கள் கெட்டுப்போன டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கக் கற்றுக்கொண்டதும் கடையை மூட வேண்டியதாயிற்று. நாற்பத்தொரு வயது. அரசு வேலைக்கு அதுதான் கடைசி வயது. வேலை உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்குள் குறைந்தது முந்நூறு சிக்னல் மாற்றங்களைச் செய்து பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

"முந்நூறுதானா?" என்றாள் மனைவி, உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு. "இது மூணு நாள் வேலைன்னு சொன்னீங்களே."

"ரெண்டு நாளே போதும்" என்றார் பேனல்காரர். பாவம், அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது, நிலையத்தைத் தெரியவில்லை.

தொழில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நிலையத்துக்குள் படம் பல இடங்களிலிருந்து வரும். இரண்டு ஸ்டுடியோக்கள், செயற்கைக்கோள் அறை, பழைய நாடாக்களை ஓட்டும் அறை, வெளியே போகிற வண்டி. போக வேண்டிய இடங்களும் பல. அவற்றில் முக்கியமானது டிரான்ஸ்மிட்டர். அங்கே போவதுதான் ஊரார் வீட்டுக்குப் போகும். எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தப் பேனல். மேல்வரிசைப் பொத்தான்கள் எங்கிருந்து என்று சொல்லும், கீழ்வரிசை எங்கே என்று சொல்லும். இரண்டையும் அழுத்திவிட்டு வலது ஓரத்தில் தனியாக இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தட்ட வேண்டும். அதற்கு டேக் என்று பெயர். அதைத் தட்டாமல் மற்றதையெல்லாம் நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியுமே தவிர வேலை நடக்காது.

பேனலைப் பொருத்த அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. பொத்தான்களுக்குப் பெயர் ஒட்ட ஏழு வாரம் ஆயிற்று. அதிகம் பயன்படுவது கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவர் ஸ்டுடியோக்களை முதலில் வைத்திருந்தார். அதைப் பார்த்த நெறிமுறை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். விழாக்களில் யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விழா இல்லாத நாட்களில் கை அரிக்கும்.

"டைரக்டர் எங்க?" என்று கேட்டார்.

"அவர் ரூம்ல இருப்பார் சார்."

"பேனல்ல எங்கன்னு கேக்கறேன்."

"அவர் ரூம்ல கேமரா எதுவும் இல்லையே சார். அங்கேர்ந்து படம் வராது."

"படம் வரலைன்னா மரியாதையும் வரக்கூடாதா?"

அதன்படி மேல்வரிசையின் முதல் பொத்தான் இயக்குநர் பெயருக்குப் போயிற்று. பின்னால் ஒரு ஒயரும் கிடையாது. இரண்டாவது துணை இயக்குநருக்கு, அதற்கும் ஒயர் கிடையாது. இப்படிப் பணி மூப்புப் பட்டியல்படி பதினான்கு பொத்தான்கள் போன பிறகு ஸ்டுடியோக்கள் வந்தன. நூலகத் தலைவருக்கும் வாகனப் பிரிவுத் தலைவருக்கும் யார் மூத்தவர் என்ற வழக்கு நீதிமன்றத்தில் இருந்ததால் ஒன்பதாவது பொத்தான் பெயரில்லாமல் விடப்பட்டது. பேனல்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எந்த இடத்தில் இருந்தாலும் பொத்தான் பொத்தான்தானே, திறப்பு விழா ஆனதும் முந்நூறு தடவை தட்டினால் முடிந்தது என்று நினைத்தார்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரியவர் வந்தார். எந்தத் துறையின் பெரியவர் என்பது முக்கியமில்லை. அவர் வந்த காருக்கு முன்னாலும் பின்னாலும் மூன்று மூன்று கார்கள் வந்தன என்பதே போதும். இயக்குநர் பேசினார்.

"இந்த நிலையத்தின் பொறுப்பை ஏற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் என் பார்வைக்கு வராமல் ஒரு கோப்பும் போனதில்லை என்று பெருமையோடு சொல்வேன். வந்த கோப்பும் போனதில்லை. நவீன இயந்திரங்களைக் கண்டு நாம் பயப்படக் கூடாது. எதையும் தொடாமல் இருக்கும்வரை எந்த இயந்திரமும் நம்மை ஒன்றும் செய்யாது. இது என் அனுபவம்."

கைதட்டல் அடங்கியதும் பேனல்காரர் ஸ்டுடியோ ஒன்று, டிரான்ஸ்மிட்டர் என்ற இரண்டையும் அழுத்தி வைத்துவிட்டு விலகி நின்றார். பெரியவர் ஆட்காட்டி விரலால் டேக்கைத் தட்டினார். ஸ்டுடியோ ஒன்றில் வைத்திருந்த பூங்கொத்து ஊர் முழுக்கத் தெரிந்தது. எல்லாரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை பேனல்காரர் புதுப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது டேக் பொத்தானின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அளவு. நான்கு மூலையிலும் பித்தளை. பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு. கீழே ஒரு தகடு: இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாரது திருக்கரத்தால் அழுத்தப்பட்டது.

அவர் நெறிமுறை அதிகாரியிடம் ஓடினார்.

"சார், பொத்தானைப் பூட்டிட்டாங்க."

"நான்தான் பூட்டினேன். பெரியவர் கை பட்ட இடம். இனிமே அதுல கண்டவங்க கை படலாமா?"

"அதைத் தட்டினாத்தான் சார் சிக்னல் மாறும்."

"மாறணும்னு யார் சொன்னது? பெரியவரே ஸ்டுடியோ ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டுப் போயிருக்காரு. நீ மாத்தினா அவர் முடிவு தப்புன்னு ஆகாதா?"

"சாவி மட்டும் கொடுத்தீங்கன்னா..."

"எழுத்துல கேளு. அவர் ஆபீசுக்கு அனுப்பி வைக்கிறேன். அவரே ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டா எனக்கென்ன வந்தது."

பேனல்காரர் எழுத்தில் கேட்டார். மனு போயிற்று, பெரியவர் வெளிநாடு போயிருக்கிறார் என்று பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி வெளிநாடு போய்விட்டது, பூசாரி பூட்டுப் போட்டுவிட்டார்.

இனி நிலையம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். வேறு எங்கேயாவது இப்படி ஆகியிருந்தால் கண்ணாடியை உடைத்திருப்பார்கள், அல்லது நிலையத்தை மூடியிருப்பார்கள். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. ஸ்டுடியோ ஒன்றிலிருந்து மட்டும்தான் படம் வெளியே போகும் என்றால், வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் ஸ்டுடியோ ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சுற்றறிக்கை விட்டார்கள்.

செய்தி மேசை இடது மூலைக்கு வந்தது. சமையல் நிகழ்ச்சியின் அடுப்பு வலது மூலைக்கு. நடுவில் குழந்தைகள் பாட்டு. அங்கே இருந்த ஒரே கேமரா கழுத்துவலிக்காரன் மாதிரி இங்கேயும் அங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மூத்த தலைவர் இறந்த செய்தியைச் செய்தி வாசிக்கும் அம்மாள் குரல் தழுதழுக்க வாசித்தபோது பின்னால் குக்கர் மூன்று விசில் விட்டது. அவர் நிறுத்தி, விசில் முடியும்வரை காத்திருந்து, மேலே வாசித்தார். அந்த அம்மாள் இருபது வருட அனுபவசாலி. அடுப்பை அணைக்கச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தவர்.

கால்பந்துப் போட்டிதான் உச்சம். செயற்கைக்கோளில் வருகிற படம் அந்த அறையோடு நின்றுவிடும். எனவே அங்கிருந்து ஒரு நீண்ட கேபிளை நடைபாதை வழியாக, கழிவறை ஜன்னல் வழியாக, மாடிப்படி வழியாக இழுத்து, ஸ்டுடியோ ஒன்றில் ஒரு டிவி பெட்டியில் சொருகி, அந்தப் பெட்டிக்கு முன்னால் கேமராவை நிறுத்தினார்கள். பெட்டியைத் தூக்கி வைத்தது பேனல்காரர். வேறு வேலை இல்லாததால் தூக்குகிற வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தோடு கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவே வந்தார். அவருக்கும் கால்பந்து பிடிக்கும், நின்று பார்த்தார். கோல் விழுந்த நேரத்தில் ஊர் முழுக்க அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேயர்கள் கடிதம் எழுதினார்கள். படம் மங்கலாக, கோணலாக, பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிகிறது என்றார்கள். இயக்குநரே பதில் எழுதினார்: "மற்ற நிலையங்கள் ஒரே ஒரு திரையை மட்டுமே காட்டுகின்றன. நாம் திரைக்குள் இன்னொரு திரையையும் சேர்த்தே தருகிறோம். குறை காண்பதை விட்டு இதைப் பாராட்டப் பழக வேண்டும்."

மாதங்கள் ஓடின. பேனல்காரரின் பதிவேட்டில் கோடுகள் மட்டும் இருந்தன. மனைவி ஒவ்வொரு சாயங்காலமும் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்காவது ஒண்ணு?"

"இல்லை."

"ஏங்க, கையைக் கட்டிப் போட்டுட்டு ஏன் நீந்தலைன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. கரையில நின்னு குறிப்பும் எடுப்பாங்க."

"எங்க அண்ணன் கடையில ஒரு ஆள் வேணுமாம்" என்றாள் ஒருநாள், அவர் முகத்தைப் பார்க்காமல். மச்சினனிடம் கூலிக்கு நிற்பதை நினைத்ததும் அவர் தட்டைத் தள்ளி வைத்தார். தகுதிகாண் காலம் முடிய அப்போது பத்தொன்பது நாள் இருந்தது.

பன்னிரண்டு நாள் இருக்கும்போது மழை வந்தது. ஸ்டுடியோ ஒன்றின் கூரை ஒழுகும் என்று நான்கு வருடமாக எழுதி வந்த கோப்பு இயக்குநர் அறையில் பத்திரமாக இருந்தது. பகல் மூன்று மணிக்குக் கூரைப் பலகை ஒன்று தண்ணீரோடு கேமராமேல் விழுந்தது. கேமரா செத்தது. ஊரார் திரை கறுப்பானது. சமையல் அடுப்பு மட்டும் இருட்டில் எரிந்துகொண்டிருந்தது.

சாவி நெறிமுறை அதிகாரியிடம். நெறிமுறை அதிகாரி மலைப்பிரதேசத்தில், விரைவாக முடிவெடுப்பது எப்படி என்ற ஐந்து நாள் பயிற்சியில். தொலைபேசியில் கேட்டதற்கு, முடிவெடுக்கும் பாடம் நாளைக்குத்தான் என்று பதில் வந்தது. இயக்குநர் தன் அறை டிவியைப் பார்த்துவிட்டு, கறுப்பாக இருந்தாலும் சிக்னல் ஸ்டுடியோ ஒன்றிலிருந்துதான் வருகிறது, ஆகவே விதிமீறல் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

பேனல்காரர் வீரர் இல்லை. தெருவில் நாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போகிறவர். ஆனால் பன்னிரண்டு நாள், பூஜ்யம், மச்சினன் கடை ஆகிய மூன்றும் சேர்ந்து அவர் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தன. அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் கண்ணாடியில் ஒரு போடு போட்டார். சில்லுகளை ஊதித் தள்ளினார். ஸ்டுடியோ இரண்டு, டிரான்ஸ்மிட்டர், டேக். அங்கே மீந்து கிடந்த பழைய மேசையொன்று பளிச்சென்று தெரிந்தது. செய்தி வாசிக்கும் அம்மாள் நனைந்த தலையோடு ஓடிவந்து அதில் உட்கார்ந்தார்.

புதுக் கண்ணாடி வாங்க உத்தரவிடும் அதிகாரம் பயிற்சியில் இருந்த நெறிமுறை அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அவர் திரும்ப மூன்று நாள். அந்த மூன்று நாளும் பொத்தான் திறந்து கிடந்தது.

காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். செய்தி ஸ்டுடியோ இரண்டிலிருந்து, விளையாட்டு நேராக வானத்திலிருந்து, பழைய நிகழ்ச்சி நாடா அறையிலிருந்து, சாலை நெரிசல் வெளி வண்டியிலிருந்து. தட்டினார், எழுதினார், தட்டினார், எழுதினார். சந்தோஷமாக இருந்தார். ரிப்பேர் கடையில், செத்த பெட்டிக்கு உயிர் வந்து முதல் கோடு ஓடும்போது வருமே ஒரு சந்தோஷம், அது இத்தனை வருடம் கழித்து வந்தது. இரண்டாம் நாள் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏங்க, செய்தி வாசிக்கிற அம்மாவுக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு. இப்பத்தான் தெரியுது. பக்கத்து வீட்டுக்காரி, உங்க வீட்டுக்காரர் வேலையான்னு கேட்டா. ஆமான்னேன்."

மூன்றாம் நாள் மாலை பதிவேட்டில் முந்நூற்று நான்கு மாற்றங்கள் இருந்தன. நாற்பத்தொரு கடிதங்களும் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: மூன்று நாளாகப் படம் மிகத் தெளிவாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள்?

விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு ஒரே வரி: அனுமதியின்றித் தெளிவான படத்தை ஒளிபரப்பியது.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் நெறிமுறை அதிகாரியும். இந்தப் பக்கம் பேனல்காரர், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

"உன்மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது" என்றார் இயக்குநர். "ஆனா யோசிச்சுப் பாரு. மூணு நாள் படம் நல்லா இருந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி நல்லா இல்லைன்னு ஆகுது. முதல்ல கடிதம் போட்டவங்களும் என் பதிலைப் பாத்து அடங்கிட்டாங்க. மங்கலா இருக்குன்னா தங்கள் பெட்டி கோளாறு, தங்கள் கண்ணு கோளாறுன்னு நினைச்சுட்டு நிம்மதியா இருந்தாங்க. அந்த நிம்மதியக் கெடுத்துட்டே."

"ஊர் பூரா கறுப்பாயிடுச்சு சார்."

"கறுப்பு ஒரு நிறம்தானே. ஒருத்தர்கூடக் கடிதம் போடலை, பாத்தியா? நல்லா ஆனதும் நாப்பத்தொரு கடிதம். நிர்வாகம்னா என்ன? கடிதம் வராம பாத்துக்கறது."

நெறிமுறை அதிகாரி பயிற்சியில் கற்றதை உடனே பயன்படுத்தினார். "டிஸ்மிஸ் பண்ணிடலாம் சார்" என்றார்.

"பண்ணினா ஏன்னு மேலிடத்துக்கு எழுதணும். எழுதினா, பொத்தானை ஏன் பூட்டினீங்கன்னு கேப்பாங்க. உங்களைத்தான் கேப்பாங்க."

அதிகாரி மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இயக்குநர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். விதியில் முந்நூறு, ஏட்டில் முந்நூற்று நான்கு. அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். அதிலும் தனக்கு வசதியான விதிக்கு உயிரையே கொடுப்பவர். நெடுநேரம் யோசித்துவிட்டு, "திருடத் தெரிஞ்சவன் கையில சாவியக் கொடுத்துட்டா அப்புறம் திருட மாட்டான்" என்றார்.

உத்தரவு மறுவாரமே வந்தது. அந்த நிலையத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக வந்த உத்தரவு வேறு இல்லை. பேனல்காரர் நிரந்தரமாக்கப்பட்டார். பதவியின் பெயர் பொத்தான் பாதுகாவலர். கடமை: புதிய கண்ணாடிப் பெட்டியை நாள்தோறும் துடைத்துச் சுத்தமாக வைத்தல், சாவியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளுதல், மூன்று அதிகாரிகளின் கையெழுத்து உள்ள படிவம் இல்லாமல் யாரும் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுதல். தவறினால் விசாரணையின்றி வேலைநீக்கம். உடன் ஒரு சுழல் நாற்காலி, ஒரு மின்விசிறி, மஞ்சள் துணி ஒன்று.

கொஞ்ச நாள் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டுடியோ ஒன்றுக்கு வேறு கேமரா வந்தது, சிக்னல் மறுபடியும் அங்கேயே நிறுத்தப்பட்டது. கேபிள் பழையபடி கழிவறை ஜன்னல் வழியாக வந்தது, பெட்டிகள் பழையபடி கேமராமுன் ஏறின. அவற்றை இப்போது வேறொருவர் தூக்கினார் என்பதுதான் வித்தியாசம். நாற்காலி நன்றாகச் சுழன்றது. மின்விசிறி நன்றாக ஓடியது. மாசம் பிறந்தால் சம்பளம், வீட்டில் மச்சினன் பேச்சே இல்லை. படிவம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் தலைகுனிந்து பேசினார், பிறகு நிமிர்ந்து பேசினார், பிறகு நாற்காலியைத் திருப்பாமலே பேசினார். மனிதனுக்கு எல்லாம் பழகிவிடும். வெட்கம் மற்றதைவிடச் சீக்கிரம் பழகிவிடுகிறது.

அடுத்த கோடையில் ஒரு பிற்பகல். இயக்குநர் ஸ்டுடியோ ஒன்றில் நேரலையாக உரையாற்றிக்கொண்டிருந்தார். தலைப்பு: பொதுமக்களும் நம் கடமையும். ஒரு மணி நேர உரை. அவர் பேசும்போது கதவு உள்ளே பூட்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரியும். அது அணையும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது நெறிமுறை அதிகாரியின் உத்தரவு.

செய்தி வாசிக்கும் அம்மாள் பேனல் அறைக்குள் ஓடிவந்தார். செருப்பு ஒன்றைக் காணோம். கையில் ஒரு தாள்.

"தீயணைப்பு நிலையத்துலேர்ந்து வந்திருக்கு. ரயில் பாதைக்குக் கிழக்க ரசாயனக் கிடங்கு தீப்பிடிச்சிருக்கு. மஞ்சள் புகை. காத்துக் குடியிருப்புப் பக்கம் அடிக்குது. எல்லாரும் உடனே மேற்குப் பக்கம் போகணும்னு அறிவிக்கணும். ஸ்டுடியோ ரெண்டுல கேமரா தயாரா இருக்கு. நான் போய் உக்காந்துடறேன். நீங்க தட்டிடுங்க."

பேனல்காரர் தாளை வாங்கிப் படித்தார். முத்திரை சரியாக இருந்தது.

"படிவம் இருக்கா மேடம்?"

"படிவத்துல கையெழுத்துப் போட வேண்டியவர் உள்ள பேசிட்டிருக்காரு. கதவைத் தட்டினேன், திறக்கலை. இன்னும் நாப்பது நிமிஷம் பேசுவாரு. நாப்பது நிமிஷத்துல புகை வீட்டுக்குள்ள போயிடும்."

"மீதி ரெண்டு கையெழுத்து?"

"சாவி உங்க பையிலதான் இருக்கு" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு உடைச்சவர்தானே நீங்க. நான் நனைஞ்ச தலையோட ஓடி வந்தேனே."

அவர் கண்ணாடிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை ஊன்றிக் குனிந்து, பேனல்காரர் முகத்தைப் பார்த்தார். பேனல்காரர் பெட்டியைப் பார்த்தார்.

"கையை எடுங்க மேடம். ரேகை படியுது."

அந்த அம்மாள் கையை எடுத்தார். இருந்த ஒற்றைச் செருப்பையும் அங்கேயே உதறிவிட்டு, வெளியே ஓடினார். மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. வாசலில் வெளி வண்டியின் ஓட்டுநரைக் குடியிருப்புப் பக்கம் போகக் கூப்பிடும் குரல் கேட்டது. பேனல்காரர் மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு விரல் அடையாளம் போகவில்லை. வாயால் ஊதித் துடைத்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். அவர் வீடு ரயில் பாதைக்குக் கிழக்கே, மூன்றாவது தெருவில் இருந்தது.

"உடனே கிளம்பி மேற்கே உங்க அண்ணன் வீட்டுக்குப் போ. ஏன் எதுக்குன்னு கேக்காதே. கிடங்கு எரியுது, புகை விஷம். ஜன்னலைச் சாத்திட்டு, ஈரத்துணியால மூக்கைப் பொத்திக்க."

"ஐயோ. தெருவுல பிள்ளைங்க விளையாடிட்டிருக்குங்களே" என்றாள் மனைவி. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்."

"நீ சொல்லாதே. எப்படித் தெரிஞ்சதுன்னு கேப்பாங்க. நான் சொன்னேன்னு வெளிய வந்தா என் வேலை போயிடும். டிவியில சொல்லுவாங்க, பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இயக்குநரின் குரல், பொதுமக்களே நம் எஜமானர்கள் என்று, தொலைபேசி வழியாகப் பேனல்காரருக்கே திரும்பி வந்தது.

"டிவியில போடறது யார் வேலைங்க?" என்று கேட்டாள்.

அவர் மஞ்சள் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பக்கத்து வீட்டுக்காரி அன்னிக்குக் கேட்டப்ப ஆமான்னு சொன்னேன். இனிமே யாராவது கேட்டா என்னன்னு சொல்ல?" என்றாள். ரிசீவரை வைக்காமல் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முதல் வீட்டுக் கதவை அவள் இரண்டு கையாலும் தட்டுவது கேட்டது, பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, அப்புறம் தூரமாகிக் கேட்காமல் போயிற்று. பேனல்காரர் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காலி வீட்டில் இயக்குநர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.